ராகு காலச் செயலியும் இரட்டைக் கணக்கும்: ஃபயர்பேஸில் பயனர் தடம் பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டித்தான் எழும். சென்னைக் காலண்டரின் ராகு காலம் இங்கே அப்படியே ஒத்துவராது. அந்த எரிச்சலில் செய்ததுதான் என் ஆண்ட்ராய்டு செயலி. அடியில் விளம்பரம் ஓடும். ஒருமுறை 4 வெள்ளி 98 காசு கட்டினால் போய்விடும். யார் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்று தெரியாமலே எட்டு மாதம் ஓட்டினேன்.

செயலிக்குள் பயனர் என்ன செய்கிறார் என்று எண்ணிக் காட்ட மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட் நல்ல கருவிகள்தான். ஆனால் கூகலின் விளம்பரச் சேவையான ஆட்மாபை இணைத்தால் விளம்பர வருமானமும் ஒரே இடத்தில் தெரியும் என்பதால் என் ஓட்டு கூகலின் ஃபயர்பேஸுக்கு. எஸ்டிகே எனும் அவர்களின் நிரல் தொகுப்பைச் செயலியில் சேர்ப்பதெல்லாம் அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது, தாண்டிப் போவோம்.

1. பணம் வரும் வழியைத் தாளில் வரையுங்கள். என் தாளில் மூன்றே நிறுத்தங்கள்: பஞ்சாங்கம் பார்த்தது, விலைப் பக்கம் திறந்தது, வாங்கும் பொத்தானை அழுத்தியது. ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட், அதாவது ஃபயர்பேஸுக்குப் போகும் ஒரு பதிவு. தட்டலுக்குத் தட்டல் ஈவென்ட் வைத்தால், பட்டியல் இல்லாமல் தேக்கா சந்தைக்குப் போன கதைதான்; பை நிறையும், சமைக்க ஒன்றும் இருக்காது.

2. ஈவென்டின் பெயர் 40 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகப் பதியும். எல்லாம் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும். பயனரின் பெயர், மின்னஞ்சல் எதையும் அனுப்பாதீர்கள். கூகலின் விதியே அதைத் தடுக்கிறது. நம் ஊரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

3. ஈவென்டுகள் வருவதை உடனுக்குடன் காட்டும் ஃபயர்பேஸ் பக்கமான டீபக்வியூவில் சோதியுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, கைத்தொலைபேசி ஈவென்டுகளைச் சேர்த்துவைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில் டீபக் (சோதனை) முறையை இயக்கினால் உடனே தெரியும்.

4. நான் இடறிய இடம். யாராவது வாங்கியதும் 'பர்ச்சேஸ்' ஈவென்ட் போகும்படி நானே எழுதியிருந்தேன். முதல் மாத அறிக்கையைப் பார்த்து வாயெல்லாம் பல். வங்கிக்கு வந்ததோ அதில் பாதிகூட இல்லை. கூகல் 15 விழுக்காடு எடுத்தாலும் இவ்வளவு குறையாதே! இரண்டு நாள் மண்டையை உடைத்தபின் புரிந்தது: ஃபயர்பேஸைக் கூகல் பிளேயோடு இணைத்தால், செயலிக்குள் வாங்குவதை அதுவே 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று பதிந்துகொள்ளும். என்னுடையதும் சேர, ஒரே 4.98 இரண்டு தடவை ஏறியிருக்கிறது. பிளே வழியாக விற்பவர்கள் இணைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு நேரானதும் பார்த்தால், விலைப் பக்கத்திலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். அங் மோ கியோ அத்தையிடம் காட்டினேன். "மாசாமாசம் பிடிப்பாங்களாப்பா?" என்றார். 'ஒரே முறை கட்டினால் போதும்' என்று ஒரு வரி சேர்த்தேன். பொத்தான் அழுத்தங்கள் கூடின.

பின்சேர்க்கை: "டீபக்வியூவில் வருகிறது, அறிக்கையில் வரவில்லை" என்று இருவர் கேட்டார்கள். டீபக் முறையில் போனவை அறிக்கையில் சேராது. நாமாக அணைக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும், அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: முறுக்கு விற்கும் அக்கா ஒருவர் தம் செயலியில், வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் வாங்குகிறார். பிளே அதைப் பார்க்காது, ஆகவே அவர் 'பர்ச்சேஸ்' எழுதத்தான் வேண்டும். எழுதியும் வருமானம் பூச்சியம். தொகையை வெள்ளிக் குறியோடு சேர்த்து எழுத்தாக அனுப்பியிருந்தார். தொகை வெறும் எண்ணாக 12.0 என்று போகவேண்டும், நாணயம் தனியாக எஸ்ஜிடி (சிங்கப்பூர் வெள்ளியின் குறியீடு) என்று.