தனுஷ்கோடி பள்ளிக்கூடப் படம் கிடைத்த கதை

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு அடித்த புயலில் ஊரும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. கூகுளில் தேடினால் இடிந்த சர்ச்சும் ரயில் நிலையச் சுவரும்தான் திரும்பத் திரும்ப வரும். ஆறு மாதம் அப்படியே போனது.

ஒருநாள்தான் உறைத்தது. அங்கே ரயில்வே, தபால், சுங்கம் என்று வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். புயலுக்கு முன்பே மாற்றலாகிப் போனவர்கள் வீட்டுப் படம் தண்ணீரில் போயிருக்காதே! சொந்தக்காரர்களை விட்டுவிட்டு அவர்களைத் தேடினேன்.

மதுரையில் ஒரு ரயில்வே குடும்பத்துப் பாட்டி வீட்டில் குரூப் போட்டோ, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆனால் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகங்கள் உரிந்து கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் கை வைக்கவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்தேன். பிளாஷை அணைத்தேன். என் முகமே கண்ணாடியில் தெரிந்தது. பாட்டியின் கறுப்புக் குடையை விரித்து எனக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னேன். இருபது தடவை எடுத்ததில் இரண்டு தேறியது.

அப்பா போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஒரு பையனைக் காட்டினார்.

“இது நான் இல்லடா. ஆனா அந்தச் சட்டை என்னோடது.”