துளையிடும் வண்டி வருமுன்: வனநிலத்து அரிய செடிகளைக் கண்காணிக்கும் முறை

மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் அவற்றின் தாவரங்கள் மீது ஓரளவு கவனம் இருக்கிறது. கரையோர மணல்மேடுகளிலும் உவர்நிலங்களிலும் உள்ள வனநிலத்துக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. அங்கே கருமணலில் உள்ள இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகிய கனிமங்களைத் துளையிட்டுத் தேடும் ஆய்வு தொடங்கினால், முதல் துளைக்கு முந்தைய கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், இத்தகைய ஆய்வுப் பணிகளை வனம் சாராத பயன்பாடாகக் கருதாமல் விட மத்திய அரசுக்கு வழி தருகிறது என்பதால், முன்னறிவிப்புக்கு நீண்ட அவகாசம் கிடைக்கும் என்று எண்ணியிருப்பது சரியாகாது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆகவே வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

எவற்றை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குடைவேலம், நம் பக்கத்து உடைமரம், இங்கே கண்ணுக்கு எளிதாகப் படுவதுதான். ஆனால் உலகில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாண்டி அதற்கு இயற்கை வாழிடம் இல்லை. உகா மரம் பல நாடுகளில் வளர்கிறது என்றாலும், ஒரு குறிப்பிட்ட மணல்மேட்டில் நான்கைந்துதான் இருக்கும் என்றால் அந்த மேட்டுக்கு அது அரியதே. இரு வகைகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கள்ளிமுளையான் என்ற சதைப்பற்றுள்ள சிறு செடிக்குத் தனிக் கவனம் தேவை. புதரின் அடிநிழலில், விரல் தடிமனில், நான்கு பட்டைகளுடன் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் நிற்கும் இதைக் கோடையில் பார்த்தால் சுருங்கிக் காய்ந்த குச்சி என்றே தோன்றும். அப்போது எண்ணினால் உயிருள்ளதைச் செத்தது என்று எழுதிவிடுவீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில், குனிந்து முள்ளை விலக்கிப் பார்த்து எண்ணுங்கள். ஒரே வேரடியிலிருந்து பல தண்டுகள் எழும் என்பதால் தண்டுகளைத் தனித்தனியாக எண்ணாமல் தூறுகளை எண்ணுவதே சரி.

மரம், புதர்களுக்குப் பத்து மீட்டர் சதுரமும், சிறு செடிகளுக்கு அதன் உள்ளே ஒரு மீட்டர் சதுரமும் அளந்துகொண்டு, பூத்தவை, இளஞ்செடிகள், நாற்றுகள் என்று பிரித்து எழுதுங்கள். ஒன்றுமே இல்லாத சதுரத்துக்குப் பூஜ்யம் எழுத மறக்க வேண்டாம். மூலைகளில் கல்லுக்கால் ஊன்றுவது நல்லது. முதல் ஆண்டில் நாங்கள் அடித்த மர முளைகள் யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டன. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரிப் போட்டதில் எஞ்சியவையும் புதைந்தன. அதனால் ஜிபிஎஸ் அளவையும், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுத்த படத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

துளை பெரும்பாலும் கையகலம்தான். உண்மையான சேதத்தைச் செய்வது துளையிட வரும் வண்டியின் தடமும், அளவைக்காக நேர்கோட்டில் வெட்டப்படும் பாதையும் ஆகும். கிளறப்பட்ட மண்ணில் சீமைக்கருவேலம் விரைவாக முளைத்துவிடும். ஆகவே சதுரங்களைத் துளையிடத்திலும் தடத்தின் ஓரத்திலும் தடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளியும் அமைத்துக்கொண்டு, இவற்றோடு ஆய்வே நடக்காத, ஆனால் மண்ணும் காற்றும் ஒத்த வேறொரு மேட்டிலும் அதே எண்ணிக்கையில் அமையுங்கள். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுவோரும் மேய்ச்சல் ஆடுகளும் மழை பொய்த்த ஆண்டும் செய்த இழப்பைத் துளையின் தலையில் கட்டினால், நேர்மையான அலுவலர்கூட நம் கணக்கை நம்ப மாட்டார்.

வாடைக் காலத்துக்குப் பின் ஒரு முறையும் கச்சான் ஓய்ந்த பின் ஒரு முறையுமாக ஆண்டுக்கு இரு முறை எண்ணினால் போதும். ஆய்வு முடிந்து வண்டிகள் திரும்பிய பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடருங்கள், ஏனெனில் மரம் நின்றாலும் நாற்று வராமல் போவது தாமதமாகவே தெரியும்.

பதிவேட்டின் ஒரு படியை வனச்சரக அலுவலகத்திலும் இன்னொன்றை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிலும் கொடுங்கள். கள்ளிமுளையானை உடல் இளைக்கும் மருந்துக்காக வாங்குவோர் இருப்பதால், பொதுவில் வெளியிடும் படியில் அது நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களை நீக்கிவிடுங்கள்.