பழைய பிரிட்டிஷ் காரை வீட்டிலேயே பராமரித்தல்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனர், 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், பழைய மினி ஆகியவை சொந்தக்காரரே பானட்டைத் திறந்து வேலை பார்ப்பார் என்ற எதிர்பார்ப்போடு கட்டப்பட்டவை. வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளி, கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் என எல்லாமே காரோடு வந்த கையேட்டிலேயே விளக்கப்பட்டிருந்தன. ஆகவே இந்தக் கார்களை வீட்டில் பழுதுபார்ப்பதற்கு அபூர்வமான திறமை எதுவும் தேவையில்லை. வேலைகளைச் சரியான வரிசையில் செய்வதுதான் தேவை. எஞ்சின் இடறினாலோ, இழுக்க மறுத்தாலோ, பெரும்பாலோர் முதலில் கை வைப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில்தான். வால்வும் பற்றவைப்பும் சரியில்லாதபோது கார்புரேட்டரைத் திருகினால், ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறை உண்டாக்கியதாகவே முடியும்.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்பேனர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் மரைகள் யு.என்.எஃப். எனும் அங்குல வகை, அவற்றுக்கு ஏ.எஃப். எனப்படும் அங்குல அளவு ஸ்பேனர்கள் வேண்டும். அதற்கு முந்தைய வண்டிகளில் விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அளவுகள் வரும். எம்.ஜி. டி.சி., டி.டி. வண்டிகளின் எஞ்சினில் மரை மெட்ரிக் அளவிலும் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவிலும் இருக்கும் என்பது தெரியாமல் புது போல்ட்டை முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் பலர். ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் முனைகள் உருண்டுபோகும். வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. உறுதியான தரையில் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுக்க வேண்டும்.

வரிசையில் முதலாவது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினுக்கு 0.015 அங்குலமும், மோரிஸ் மைனர் 1000, மினி ஆகியவற்றிலுள்ள சிறிய ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு 0.012 அங்குலமும் இருக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் எட்டு வால்வுகள் உள்ளன. முன்பக்கத்திலிருந்து அவற்றுக்கு 1 முதல் 8 வரை எண்ணிட்டுக்கொண்டால், எந்த வால்வு முழுவதும் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-இலிருந்து கழித்தால் கிடைக்கும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். 8-ஆவது திறந்திருக்கும்போது 1-ஆவதையும், 6-ஆவது திறந்திருக்கும்போது 3-ஆவதையும் பார்ப்பது இப்படித்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நகர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின் மறுபடியும் அளந்து பார்ப்பது அவசியம். டாப்பெட் ஓசை எனப்படும் வால்வுச் சத்தம் கேட்கவே கூடாது என்று இடைவெளியைக் குறைப்பவர்கள் உண்டு. அது மிகவும் தவறான பழக்கம், ஏனெனில் இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு எரிந்துபோகும். சிறிது ஓசையோடு ஓடும் எஞ்சினே ஆரோக்கியமானது.

அடுத்தது பற்றவைப்பு. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பாயின்ட்டுகள் முழுவதும் திறந்திருக்கும் நிலையில் 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தில் குழியும் மேடுமாக இருக்கும் பாயின்ட்டைத் தேய்த்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. புதிதாக வாங்கும் கண்டென்சர்களும், மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டர்களும் எப்போதும் தரமாக இருப்பதில்லை. புதிய பாகம் போட்ட பிறகு கோளாறு அதிகமானால், கழற்றி வைத்த பழையதை மீண்டும் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2.

பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது தீப்பொறி எழும் நேரமும் மாறும் என்பதால், டைமிங்கை அதன் பிறகுதான் பார்க்க வேண்டும். இதற்கு 12 வோல்ட் பல்பு ஒன்றே போதும். அதன் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறு முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உலோகத்திலும் இணைத்து, சாவியைத் திருப்பி வைத்துவிட்டு எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுழற்ற வேண்டும். பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் புல்லியின் குறி கையேடு சொல்லும் பாகையில் நிற்க வேண்டும். ஏ-சீரிஸ், பி-சீரிஸ் எஞ்சின்களில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் தீப்பொறி முன்னதாக வரும்.

இவை இரண்டும் முடிந்த பிறகே கார்புரேட்டர். எஸ்.யூ. என்ற பிரிட்டிஷ் வகைக் கார்புரேட்டரை மர்மமான கருவியாகப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் நகரும் பாகங்கள் இவ்வளவு குறைவாக உள்ள கார்புரேட்டர்கள் அரிது. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் மேலே எழுகிறது. அதன் அடியிலுள்ள கூம்பு வடிவ ஊசி, ஜெட்டின் துளையிலிருந்து அதே அளவுக்கு விலகிப் பெட்ரோலை விடுகிறது. திடீரென ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழாமல் தடுத்து, கலவையைச் சற்று நேரம் செறிவாக்குவது மேலேயுள்ள டேம்பரும் அதிலுள்ள எண்ணெயும்தான். டேம்பரின் மூடியைத் திருகி இறக்கும்போது, அது உட்காருவதற்கு ஏறக்குறைய கால் அங்குலம் முன்பே எண்ணெயின் எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 எண்ணெயே இதற்கும் போதும்.

பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் தங்கு தடையின்றி இறங்கி, அடியில் தெளிவான ஓசையோடு உட்கார வேண்டும். தடுக்கினால் மேற்கூட்டைக் கழற்றி உள்ளே பெட்ரோலால் துடைக்கலாமே தவிர, உப்புத்தாளைத் தொடவே கூடாது. இரட்டைக் கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கூட்டில் மாட்டிவிடக் கூடாது; ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் கூட்டுக்குப் பொருத்தமாகக் கடையப்பட்டது. த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அந்தக் கசிவு இருக்கும்வரை எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது.

எஸ்.யூ.வின் எச்.எஸ். வகை கார்புரேட்டரில் ஜெட்டின் அடியில் அறுகோண நட்டு ஒன்று இருக்கும். ஜெட்டின் வாய், பிஸ்டனுக்குக் கீழுள்ள மேடான பாலத்தோடு சமமாக நிற்கும் நிலையிலிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கினால் நல்ல தொடக்க நிலை கிடைக்கும். எஞ்சினை முழுவதும் சூடாக்கி, இரட்டைக் கார்புரேட்டராக இருந்தால் இணைப்புத் தண்டின் பிடியைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் காற்றின் சீற்றத்தைக் கேட்டு, இரண்டும் ஒத்திருக்கும்வரை த்ராட்டில் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் கலவை. பிஸ்டனை, அதை உயர்த்துவதற்கென உள்ள சிறு முளையால் மிகச் சிறிதளவு, அதாவது 1/32 அங்குலம் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அந்த வேகத்திலேயே நீடித்தால் கலவை செறிவாக உள்ளது, நட்டை மேலே ஏற்ற வேண்டும். எஞ்சின் உடனே தடுமாறினால் கலவை நீர்த்துள்ளது, கீழே இறக்க வேண்டும். ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய வேகத்துக்கே வந்தால் சரியாக உள்ளது. ஒரு முறைக்கு நட்டின் ஒரே ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டுக் கேட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால், இந்த வேலை மன நிறைவைத் தருவது போல் வேறெதுவும் தராது.

மின்கோளாறுகளுக்கு லூகாஸ் நிறுவனத்தைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பெரும்பாலான கோளாறுகள் வண்டியின் உடலோடு சேரும், துருப்பிடித்த எர்த் இணைப்புகளிலும், கறுத்துப்போன குண்டு வடிவ இணைப்பான்களிலும்தான் இருக்கின்றன. ஒரு விளக்கு மங்கினால் முதலில் அதன் கறுப்புக் கம்பி உடலில் சேரும் இடத்தைப் பளபளக்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பழுப்புக் கம்பி எப்போதும் மின்சாரம் உள்ளது, அதற்கு ஃபியூஸ் கிடையாது; வெள்ளைக் கம்பியில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும்; பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்து வருவது. 1967க்கு முந்தைய எம்.ஜி.பி. போன்ற பல வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அதை உறுதிசெய்யாமல் பேட்டரியையோ புதிய ரேடியோவையோ இணைத்துவிடக் கூடாது.

பிரேக்கில் எந்தச் சமரசமும் கூடாது. டாட் 4 பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை குறைவதோடு சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், வெளியே நல்ல நிலையில் தோன்றும் பிரேக் ரப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்க வாய்ப்புண்டு. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். பெட்ரோல் குழாய்களையும் இதே சமயத்தில் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்களைப் போட வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கக் கூடாது. எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அடித்தால்தான் அது உள்ளே போகும். ஆனால் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு ஆகிய டிரையம்ஃப் வண்டிகளின் முன் சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான டிரன்னியனுக்குத் தேவை கிரீஸ் அல்ல, ஈ.பி.90 கியர் எண்ணெய். கிரீஸ் இறுகி மரைக்குள் போகாமல் நின்றுவிட்டால், அந்தப் பாகம் அரித்து, ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

கடைசியாகத் துரு. 2018 மே மாதத்திலிருந்து, 40 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்குப் பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. சட்டம் விலக்கு அளித்துவிட்டதால், வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரரிடமே வந்துவிட்டது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டிகளே வண்டியைத் தாங்குகின்றன. மோரிஸ் மைனரில் பின் சக்கரங்களின் வில் (ஸ்பிரிங்) மாட்டும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் மேலே ஒட்டுப் போட்டு மறைக்காமல், வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பக்கப் பெட்டியை வெட்டும் முன் வண்டியின் எடையைச் சமமாகத் தாங்கச் செய்து, கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வைத்துப் பிணைக்காவிட்டால், உடல் தொய்ந்து அதன் பிறகு கதவு மூடாது. வெல்டிங் முடிந்து வண்ணம் காய்ந்த பின், உலர்ந்த நாளாகப் பார்த்துப் பெட்டிகளுக்குள் மெழுகு தெளித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் அந்த மெழுகால் அடைபடவில்லையா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.