காரையில் கிடைத்த கல் எந்த உயிர்? புதைபடிவத்தை இனம் காணும் வழி

அரியலூர், பெரம்பலூர் பக்கம், குறிப்பாகப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் கல்லைப் படமெடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நான் செய்யும் முறையை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். புதைபடிவம் எப்படி உண்டாகிறது என்ற பாடம் இங்கே கிடையாது. கையில் கல் இருக்கிறது, அதற்குப் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூர் கல்மரமும் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். மற்ற நிலங்களிலும் உரிமையாளரைக் கேட்டுவிட்டு, தானாக உதிர்ந்து கிடப்பதை மட்டும் பாருங்கள். சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

படி 1: குனிந்து எடுப்பதற்கு முன்

கல் கிடக்கும் நிலையிலேயே ஒரு படம், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர் என்பதால் பிறகு அளவு பார்க்க வசதி. ஜி.பி.எஸ். இடம், தேதி, அப்புறம் முக்கியமாக, கல் அடுக்குக்குள் பதிந்திருந்ததா, ஓடையில் உருண்டு கிடந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காரை மண்மேடுகளில் மழைநீர் அறுத்த ஓடைகள் ஏராளம். மேல் அடுக்கில் இருந்தது கீழே வந்து கிடக்கும். காரை அடுக்குகள் சுமார் 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டு. இரண்டு இடத்துக் கற்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டால் எந்த நிபுணராலும் உங்களுக்கு உதவ முடியாது.

படி 2: இது உயிர்தானா?

காரையில் ஜிப்சம் நரம்புகள் நிறைய உண்டு. நார்நாராக உடையும் அந்தத் துண்டுகளை எலும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நகத்தால் கீறுங்கள், கோடு விழுந்தால் ஜிப்சம். கல்லின் மேல் பெரணி இலை மாதிரி கறுப்புக் கிளைகள் தெரிந்தால் பெரும்பாலும் அது மாங்கனீசுப் படிவு, செடி இல்லை.

உருண்டைகளிடம் கூடுதல் கவனம் தேவை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரப்பினார்கள். புவியியல் அறிஞர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட் (அறை அறையான சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிர், கணவாயின் உறவு) சார்ந்த படிவங்கள் என்றார்கள். உருண்டையாக இருப்பது மட்டும் எதற்கும் சான்றல்ல. ஓடு, அறை, விலா (ஓட்டின் மேல் வரிசையாக வரும் மேடுகள்) போல ஏதாவது ஓர் ஒழுங்கு கண்ணில் பட வேண்டும்.

படி 3: ஓடா, அச்சா?

பெயர் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். படங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எதுவும் ஒத்துப்போகாமல் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததுதான்.

சிப்பி செத்த பிறகு உள்ளே சேறு நிரம்பி இறுகுகிறது. பிறகு ஓடு கரைந்து போகிறது. மிஞ்சுவது சிப்பியல்ல, சிப்பியின் உள்வெளி. கொழுக்கட்டை அச்சைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொழுக்கட்டையை மட்டும் வைத்திருப்பது போல. இதை உள் அச்சு என்பேன். ஓட்டின் வெளிப்புறம் பாறையில் பதிந்து குழிவாக நின்றால் அது வெளி அச்சு. ஒரே உயிரின் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். வெளியே விலாவும் முள்ளும் இருக்கும், உள் அச்சு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். சிப்பியின் உள் அச்சில் தசை ஒட்டியிருந்த தழும்புகள் மேடாகத் தெரியும். நத்தையின் உள் அச்சில் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் திருகாணி போல இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஓடு இருந்தது.

ஏன் சிலவற்றுக்கு மட்டும் ஓடு மிஞ்சுகிறது? ஓடு எந்தக் கனிமத்தால் ஆனது என்பதைப் பொறுத்தது. அரகோனைட், கால்சைட் இரண்டுமே கால்சியம் கார்பனேட்டின் வடிவங்கள். அம்மோனைட்டும் பெரும்பாலான நத்தைகளும் அரகோனைட்டால் ஓடு கட்டியவை. அது எளிதில் கரையும். ஆய்ஸ்டர் வகைச் சிப்பிகளும், பெலம்னைட் என்ற கணவாய் உறவின் தோட்டா வடிவக் கூடும் கால்சைட்டால் ஆனவை, அது தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கல்லங்குறிச்சியில் கிரைஃபியா என்ற ஆய்ஸ்டர் வகைச் சிப்பி கனத்த ஓட்டோடு அப்படியே கிடைக்கிறது, அம்மோனைட்டுகள் பலவும் வெறும் உள் அச்சாக வருகின்றன.

அம்மோனைட்டைப் பொறுத்தவரை ஓடு போனது நமக்கு லாபம். அறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட கோடுகள் உள் அச்சில்தான் தெரியும். அந்தக் கோடு இலை விளிம்பு போல நெளிந்து கிளைத்தால் அம்மோனைட். மெல்லிய வளைவாக மட்டும் இருந்தால் நாட்டிலஸ், அதே போல அறைகள் கொண்ட சுருள் ஓட்டு உயிர். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள், கோடுகள் எழுந்து வரும். பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் பழகிக்கொள்ள அதைவிட நல்ல மாதிரி கிடையாது. சக்கரம் தெரியும் சாளக்கிராமம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் வரும் அம்மோனைட்தான், ஆனால் நம் ஊர்க் கற்களைவிட வயதில் மூத்தது.

படி 4: எந்தக் குழு?

10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போதும். அதற்கு மேல் பெரிதாக்கும் மலிவு லென்ஸ்கள் பணத்துக்குப் பிடித்த கேடு, எதையும் தெளிவாகக் காட்டாது. கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லும் செல்போன் செயலிகளை நான் நம்புவதே இல்லை. எந்த அடுக்கில் கிடைத்தது என்று அவை கேட்பதில்லை.

தோட்டா வடிவக் கல்லா? உடைந்த முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து கதிர் கதிராகப் படிகம் விரிந்தால் பெலம்னைட், கணவாயின் தூரத்து உறவு. ஐந்து இதழ்ப் பூ வடிவம் தெரிந்தால் கடல் முள்ளெலி. இரண்டு மூடி கொண்டதா? ஒவ்வொரு மூடியும் தனித்தனியாக இடது வலதாகச் சமமானால் பிராக்கியோபாட், அதாவது சிப்பி போலத் தெரியும் வேறொரு கடல் உயிர்க் குழு. இரண்டு மூடிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமானால் இருமடல் சிப்பி. கிரைஃபியா இந்த விதியைக் கேட்காது, அதன் ஒரு மூடி குண்டாக வளைந்தும் மற்றது தட்டையாகவும் இருக்கும். எலும்பு என்று சந்தேகம் வந்தால் லென்ஸில் நுண்துளைகளைத் தேடுங்கள். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்பார்கள். நுண்துளையுள்ள களிமண் கல்லும் ஒட்டும், ஆகவே நக்க வேண்டாம்.

படி 5: எங்கே நிறுத்துவது?

பேரினம் (இனத்துக்கு ஒரு படி மேலான பெயர், ஆங்கிலத்தில் genus) வரை போனாலே பெரிய விஷயம். 1860களிலும் 70களின் தொடக்கத்திலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தப் பகுதியின் கடல் உயிர்களை ஓவியங்களோடு விவரித்தார். அந்தத் தொகுதிகளை இணையத்தில் பார்க்கலாம். ஓவியங்கள் அருமை, பெயர்களில் பலவும் பின்னர் மாறிவிட்டன. ஓவியத்தை வைத்து ஒப்பிட்டு, பெயரைப் புதிய ஆய்வுகளில் சரிபாருங்கள். கூகுள் படத்தேடல் மொராக்கோ, இங்கிலாந்து மாதிரிகளைத்தான் முதலில் காட்டும். அதைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்.

பெயர் கிடைக்காவிட்டால் "அம்மோனைட், உள் அச்சு, காரை, ஓடையில் உருண்டது" என்று எழுதி வையுங்கள். அதுவே முழுமையான அடையாளச் சீட்டு. கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளைத் திருத்த மை தடவி, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதுங்கள். காகிதச் சீட்டு தொலைந்தாலும் எண் இருக்கும்.

பின்சேர்ப்பு: சுத்தம் செய்ய வினிகரில் ஊறவைக்கலாமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். கூடாது. கால்சைட் ஓடும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தே கரையும், காலையில் விலா எல்லாம் மழுங்கியிருக்கும். ஒட்டியிருக்கும் பாறையின் மூலையில் ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதோடு வினிகரின் வேலை முடிந்தது. மற்றதற்குத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் போதும். காரைக் களிமண்ணில் வந்தவற்றைத் தண்ணீரில் போட்டால் சில பிளந்துவிடும், அவற்றைக் காயவைத்துத் தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.

இன்னொரு கேள்வி, நேரில் ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போவது? அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் கல்லின் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள், அங்குள்ள மாதிரிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும்.