இரு தீவுகளுக்கு இடையே விமானத் தூரமும் நேரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவுப் பயணங்களுக்குத் திட்டம் வகுக்கப் புதிதாக வருபவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். விமான நிலையத்தின் பெயரை மாற்றிப் போடுவது போன்ற சில்லறைப் பிழைகள் டிக்கெட் எடுக்கும்போதே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாகைக்கு 111 கி.மீ. என்று எங்கும் பெருக்குவது

இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேறுபாட்டை 111ஆல் பெருக்கித் தூரம் காணும் இந்தக் கணக்கு, தெற்கு வடக்காக எங்கும் ஏறத்தாழச் சரி. கிழக்கு மேற்காகவோ நிலநடுக்கோட்டை ஒட்டி மட்டுமே செல்லும். 60 பாகை அட்சரேகையில் அது பாதியாகச் சுருங்கிவிடும். ஃபாரோ தீவுகளின் வாகர் விமான நிலையத்துக்கும் ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்குக்கும் தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 15 பாகை. அப்படியே பெருக்கினால் 1,700 கி.மீ. வரும்; உண்மையான தூரம் சுமார் 800 கி.மீ.தான்.

கடல் மைலைத் தரை மைலாகக் கொள்வது

கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ.

வந்துசேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழிப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். இதைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அட்டவணையில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். சமோவாவின் அப்பியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் இடையே சுமார் 150 கி.மீ.தான் இருக்கிறது என்றாலும், நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுவதால் இரண்டுக்கும் 24 மணி நேர வேறுபாடு உண்டு. 2011 டிசம்பர் 30 என்ற நாளையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு, சமோவா கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. பாகோ பாகோவில் திங்கள் மாலை ஏறுபவர் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து, செவ்வாய் மாலை அப்பியாவில் இறங்குவார்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் ஒரு குடும்பத்துக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தபோது, பறக்கும் நேரம் அரை மணிதானே என்று, அப்பியாவிலிருந்து ஆக்லாந்து போகும் விமானத்தை அதே திங்கள் இரவுக்கே பதிவு செய்துவிட்டார். அவர்கள் அப்பியாவில் இறங்கியபோது அந்த விமானம் முந்தைய நாளே போய்விட்டிருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட்டுகள் என்பதால் பணம் திரும்பவில்லை. கடைசி நேர விலையில் எல்லோருக்கும் புது டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. பயணச்சீட்டில் தேதி தெளிவாகவே அச்சாகியிருந்தது, அவர் மணியை மட்டும் பார்த்திருக்கிறார்.

கடிகாரம் ஒத்துப்போகும் இடங்களில் இது இன்னும் ஏமாற்றும். ஹொனலுலுவும் கிரிபாட்டியின் கிரிஸ்துமஸ் தீவும் ஒரே மணியைக் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் தள்ளி நிற்கும். ஆகவே, புறப்பாடு, வருகை இரண்டையும் தேதியோடு சேர்த்து உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றி எழுதிய பின்னரே கழிக்க வேண்டும்; இணைப்பு விமானத்தையும் அதே தாளில் அதே பொது நேரக் கணக்கில் எழுத வேண்டும்.

எல்லாத் தூரத்தையும் ஜெட் வேகத்தால் வகுப்பது

அதே 150 கி.மீ.யை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் 11 நிமிடம் வரும். குறுந்தூரத் தீவுப் பாதைகளில் பெரும்பாலும் பறப்பவை சிறிய விசிறி விமானங்கள். ஓடுதளத்துக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவதற்குத் திரும்புவது ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் அதே அளவில் குறைவதில்லை. வகுத்து வந்த விடையை விட்டுவிட்டு, அட்டவணையில் உள்ள நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.