வறண்ட ஆண்டில் எல்க் வேட்டை

அமெரிக்காவின் கொலராடோ, அரிசோனா மலைகளில் மழை பொய்த்தால், வெயில் படும் தெற்குச் சரிவுப் புல்தான் முதலில் காயும். எல்க் என்னும் பெரிய மான்கள் வடக்குச் சரிவின் அடர்காட்டுக்குள், ஊற்று கசியும் இடங்களுக்கு ஒதுங்கிவிடும். வரைபடத்தில் நீரைக் காட்டும் நீலப்புள்ளி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சீசனுக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். கரைச் சேற்றில் குளம்புத் தடத்தின் விளிம்பு கூராக, உள்ளே கலங்கல் நீரோடு இருந்தால் தடம் புதிது. விளிம்பு உலர்ந்து உதிர்ந்தால் வேறிடம் தேடுங்கள்.

சாலையோரக் குட்டையில் ஆட்கள் மொய்த்தால் மான் இருட்டிய பிறகே வரும். அங்கே காத்திருப்பது வீண். அது பகலில் படுக்கும் காட்டுக்கும் நீருக்கும் இடைப்பட்ட தடத்தில், சாலையை விட்டு 2, 3 கிலோமீட்டர் தள்ளி உட்காருங்கள். வெயில் ஏறினால் மலைக்காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். அது திசை மாறும் நேரத்தில்தான் பலருடைய வாடை மானுக்கு எட்டிவிடுகிறது. மான் குரலில் ஒலிக்கும் ஊதுகுழலையும் குறையுங்கள். தினமும் அதைக் கேட்டுச் சலித்த ஆண் மான் பதில் கொடுக்காமல் நழுவும். மெல்லிய பெண்மான் குரல் ஒன்றிரண்டு போதும்.

அரிசோனாவில், விலங்குகளுக்கு வேறு தண்ணீர் இல்லாதபடி நீர்நிலையை மறித்துக் கால் மைலுக்குள் முகாம் போடுவது சட்டவிரோதம்.

மான் விழுந்ததும் வெப்பம்தான் எதிரி. உடனே தோலை உரித்து, துண்டுபோட்டு, துணிப்பையில் நிழலில் தொங்கவிடுங்கள். பின்தொடை எலும்பைச் சுற்றித்தான் இறைச்சி முதலில் கெடும்.