மொரிஷியஸ் லகூன்ல ரேஸ் ஓட்ட வர்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

நம்ம தீவுல ரிசார்ட் கடற்கரையில நடக்குற ரெகாட்டாவுக்கு (பாய்மரப் படகுப் போட்டிக்கு) வெளிநாட்டுலேருந்து வர்றவங்க யாரும் சும்மா வர்றவங்க இல்ல, நல்லா போட் ஓட்டத் தெரிஞ்சவங்கதான். ரெயூனியன், டர்பன்லேருந்து வருவாங்க, சென்னைப் பக்கத்துலேருந்தும் நம்ம பிள்ளைங்க வந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சென்னையில இந்த விளையாட்டுக்கு வேர் ரொம்ப ஆழம், ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லேருந்து இருக்கு, பாய்மரப் படகோட்டத்துல ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கின முதல் இந்தியப் பொண்ணு நேத்ரா குமணனும் சென்னைதான். ஆனா வங்கக்கடல் அலையில ஓட்டிப் பழகினவங்க லகூனை, அதாவது கரைக்கும் பவளப் பாருக்கும் நடுவுல இருக்குற ஆழம் குறைஞ்ச கடலைப் பாத்ததும் ஒரு நினைப்புக்கு வந்துடுறாங்க, "தண்ணி அசையவே இல்லையே, இது ஈஸி"ன்னு. ரெஸ்க்யூ போட்லேருந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், உடையுற மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்), கிழியுற பாய், காலுல வெட்டு, முக்காவாசிக்கு அந்த நினைப்புதான் காரணம். அதனாலதான் இதை எழுதுறேன், வர்றவங்க படிச்சுட்டு வரட்டும்.

முதல்ல காத்து. மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் இங்க தென்கிழக்குலேருந்து வியாபாரக் காத்து வீசிக்கிட்டே இருக்கும், அதுலயும் ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் நல்லா பலமா. வெளிக்கடல்ல இந்தக் காத்துக்கு அலை எழும்பும், அலையைப் பாத்தே எவ்வளவு காத்துன்னு கண்ணு சொல்லிடும். லகூனுக்குள்ள அப்படி இல்ல, பெரிய அலை எல்லாம் பவளப் பார்லயே உடைஞ்சு போயிடும், உள்ள அலை எழும்புறதுக்குத் தேவையான தூரமும் கிடையாது, அதனால பதினெட்டு நாட் (கடல்ல வேகத்துக்கு அளவு) காத்துகூட பத்து மாதிரிதான் தெரியும். கரையில நின்னு தண்ணியைப் பாத்துட்டு "லைட்டாதான் இருக்கு"ன்னு டௌன்ஹாலை (பாயைக் கீழ இழுத்து இறுக்குற கயிறை) தளர்த்தி விட்டுட்டு இறங்குறாங்க, ஐம்பது மீட்டர் போனதும் கவுந்துடுது. தண்ணியைப் பாக்காதீங்க, கரையில இருக்குற தென்னை, சவுக்கு மரத்தைப் பாருங்க, பாரைத் தாண்டி வெளிய வெள்ளை நுரை எவ்வளவு தூரத்துக்கு இருக்குன்னு பாருங்க, கமிட்டி போட் (ரேஸ் நடத்துறவங்க நிக்குற போட்) கொடி எப்படி விறைப்பா நிக்குதுன்னு பாருங்க. அதை வச்சு பாயை செட் பண்ணுங்க.

அடுத்தது, போன்ல வர்ற விண்ட் ஆப்பை அப்படியே நம்புறது. அது ஒரு பெரிய கட்டத்துக்கு ஒரே நம்பரைக் கொடுக்கும், ஆனா இது மலைத்தீவு. கிழக்குல பெல் மார், த்ரூ டோ டூஸ் பக்கம் காத்து கடல்லேருந்து நேரா கரைக்கு வரும், ஓரளவுக்கு ஒரே சீரா இருக்கும், ஆனா போட்டைத் தள்ளி இறக்குறதே ஒரு வேலை, கொஞ்சம் ஏமாந்தா திரும்ப மணல்லயே வந்து உக்காந்துடுவீங்க. வடக்கே கிராண்ட் பே பக்கம் அதே காத்து நிலத்தைத் தாண்டி வருது, அதனால விட்டு விட்டு அடிக்கும், திசையும் மாறிக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் செத்துப் போயிடும் அடுத்த நிமிஷம் தூக்கி அடிக்கும். தென்மேற்குல லெ மோர்ன் இன்னொரு கதை, 556 மீட்டர் பாறை ஒண்ணு கடலோரத்துல நேரா நிக்குது, அதோட மறைவுல காத்தே இல்லாத இடமும் இருக்கும், ரெண்டு போட் தூரம் தள்ளி பாயைப் பிடுங்கிட்டுப் போற மாதிரி அடிக்கிற இடமும் இருக்கும். கைட் ஓட்டுறவங்க எல்லாம் அங்க கூடுறாங்கன்னா காரணம் இருக்கு. உங்க ரெகாட்டா எந்தக் கரையிலன்னு மேப்பை எடுத்துப் பாத்து, தென்கிழக்குலேருந்து ஒரு கோடு போட்டு, நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க, ஆப் சொல்றதைவிட அது நிறைய சொல்லும்.

இப்ப கவுந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம். இங்கதான் பெரிய தப்பு நடக்குது, இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். வெளிக்கடல்ல கவுந்தா பழக்கதோஷத்துல உடனே ஹல் (போட்டோட உடம்பு) மேல ஏறி உக்காந்துடுவோம், மூச்சு வாங்கிட்டு அப்புறம் நிமித்துவோம். லகூன்ல தண்ணி ஒன்றரை மீட்டர், ரெண்டு மீட்டர்தான் இருக்கும். ரெட்டை ஹல் வச்ச ஹோபி 16 போட்டோட மாஸ்ட் எட்டு மீட்டர் இருக்கு, ஒருத்தர் ஓட்டுற ஐஎல்சிஏ (அதான் நம்ம பழைய லேசர்) போட்டோட மாஸ்ட் ஆறு மீட்டர் பக்கம். போட் முழுசா தலைகீழா திரும்பப் பாக்கும்போது மாஸ்ட் நுனி நேரா மணல்லயோ பவளத்துலயோ போய்க் குத்தும், அந்த நேரத்துல ரெண்டு பேர் ஹல் மேல ஏறி நின்னா அந்த வெயிட் பூரா மாஸ்ட்லதான் இறங்கும், காத்தும் அலையும் ஒரு பக்கம் தள்ளும், அவ்வளவுதான், வளைஞ்சுடும். அதனால மேல ஏறாதீங்க. ரெண்டு பேரும் தண்ணியிலயே இருங்க, ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு) எல்லாத்தையும் கழட்டி விடுங்க, ஒருத்தர் மூக்குப் பக்கம் நீந்திப் போய் பிடிச்சுக்கிட்டா போட் தானா காத்தைப் பாத்துத் திரும்பும், மாஸ்ட் நுனி விடுபட்டதுக்கப்புறம் நிமித்துங்க. விடுபடலேன்னா இழுத்துப் பாக்காதீங்க, கையைத் தூக்கி ஆட்டுங்க, நாங்க வந்துடுவோம். முக்கியமா காலை ஊனி நிக்காதீங்க, நீங்க மணல்னு நினைக்கிறது பவளமா இருக்கலாம், அது மிதிச்சா செத்துப் போற உயிரு, திரும்ப அந்த அளவுக்கு வளர வருஷக்கணக்கா ஆகும்.

நீரோட்டத்தைப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல. இங்க கடல் தண்ணி ஏத்த இறக்கம் ஒரு மீட்டரைக்கூட தாண்டாது, அதைப் படிச்சுட்டு "அப்ப கரண்ட் இருக்காது"ன்னு முடிவுக்கு வந்துடுறாங்க. பாரு மேல அலை உடைஞ்சு உடைஞ்சு தண்ணி லகூனுக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கு, அந்தத் தண்ணி வெளிய போக ஒரே வழி பாஸ், அதாவது பாருக்கு நடுவுல இருக்குற வாய். வெளிய அலை பெருசா இருக்குற நாள்ல, தண்ணி ஏறுற நேரத்துலகூட பாஸ் பக்கம் ஓட்டம் வெளியத்தான் இழுக்கும். மார்க் (சுத்தி வர வேண்டிய மிதவை) அந்தப் பக்கம் போட்டிருந்தா உங்க லேலைன் (மறுபடி திருப்பாம மார்க்கை எட்டுற கோடு) கணக்கே தப்பாயிடும், அது பரவாயில்ல, ஆனா அங்க கவுந்து போட்டை விட்டுட்டு நீந்துறது உயிருக்கே ஆபத்து. என்ன ஆனாலும் போட்டைப் பிடிச்சுக்கிட்டே இருங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம "உள்ளதானே"ன்னு இறங்குறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும்.

தண்ணியோட நிறத்தைப் படிக்கத் தெரியாம ஓட்டுறது இன்னொண்ணு. வெளிர் பச்சை நீலம்னா மணல், ஆழம் கம்மி. கருநீலம்னா ஆழம். பழுப்பும் மஞ்சளுமா தெரிஞ்சா பவளம் மேலேயே இருக்கு, டேகர்போர்டை (போட்டுக்கு அடியில இறக்குற பலகையை) தூக்குங்க இல்லன்னா விலகுங்க. இது எல்லாம் சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருந்தாதான் தெரியும், எதிர்ல இருந்தா தண்ணி வெறும் கண்ணாடி. இங்க குளிர்காலத்துல மத்தியான வெயில் வடக்குப் பக்கம் சாய்ஞ்சு இருக்கும், ரேஸ்ல தெற்குலேருந்து வடக்கா ஓடுற பகுதியில கண்ணு கூசும், மேகம் கடந்தா எல்லாம் ஒரே சாம்பல் நிறம். போலராய்டு கண்ணாடி ஒண்ணு கயிறு கட்டிக் கொண்டு வாங்க. ஹோபி 16க்கு அந்த மாதிரி அடிப்பலகையே கிடையாது, சுக்கான் அடிபட்டா மேல மடங்கிக்கும், அதனாலதான் ரிசார்ட்ல அது நிறைய இருக்கு, ஆனா அதுக்காகப் பாரு மேல ஓட்டலாம்னு அர்த்தம் இல்ல.

இதையெல்லாம் யார்கிட்ட கேக்கறது? போட் ஹவுஸ்ல வேலை செய்யுற பையன்கிட்ட கேளுங்க, பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருக்குற பிரோக்காரர்கிட்ட (பிரோக்னா இங்கத்த மீன்பிடிப் படகு) கேளுங்க. மாஹேபூர்ல பாய் கட்டின பிரோக் ரெகாட்டா பரம்பரை பரம்பரையா நடக்குது, அந்த ஊர் ஆளுங்க லகூனைத் தெரு மாதிரி தெரிஞ்சு வச்சிருப்பாங்க. வர்றவங்க கோச்சை மட்டும் கேக்குறாங்க, இவங்களைக் கடந்து போயிடுறாங்க, அது பெரிய நஷ்டம். ஒண்ணு சொல்லிடுறேன், எங்க ரூபா நோட்டுல தமிழ் எண் இருக்கு, கோயில் இருக்கு, தைப்பூசத்துக்கு நாடு பூரா லீவு, அதுக்காக எல்லாரும் தமிழ்ல பேசுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க, நம்ம ஆளுங்க வீட்டுலயும் கிரியோல்தான் அதிகம். வணக்கம் சொன்னா முகம் மலரும், அப்புறம் பிரெஞ்சோ இங்கிலீஷோ கலந்து பேசிக்கலாம். பிரோக்காரரை "அண்ணே"ன்னு கூப்பிட்டாலும் புரிஞ்சுக்குவார்.

ரூல்ஸ் பக்கம் வருவோம். செய்லிங் இன்ஸ்ட்ரக்ஷனை (அந்த ரெகாட்டாவுக்குன்னு எழுதித் தர்ற விதிகளை) படிக்காம வர்றாங்க, வாட்ஸாப்ல வந்த சுருக்கத்தைப் பாத்துட்டு ஸ்டார்ட் லைனுக்கு வந்துடுறாங்க. ஸ்டார்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கிளாஸ் கொடி (உங்க போட் வகைக்கான கொடி), நாலுக்கு பிரிப்பரேட்டரி கொடி (தயாராகுங்கன்னு சொல்ற கொடி), ஒண்ணுக்கு அது இறங்கும், அப்புறம் ஸ்டார்ட், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நாலு நிமிஷம் இருக்கும்போது ஏறுன கொடி பி-யா, ஐ-யா, யு-வா, கறுப்பான்னு பாக்காம விட்டுடுறாங்க. யு கொடின்னா கடைசி ஒரு நிமிஷம் லைனுக்கும் முதல் மார்க்குக்கும் நடுவுல இருக்குற முக்கோணத்துல கால் வச்சாலே அந்த ரேஸ் போச்சு, ரேஸை மறுபடி ஸ்டார்ட் பண்ணா மட்டும் பொழைச்சீங்க. கறுப்புக் கொடியில அந்தச் சலுகையும் கிடையாது. இருபது போட் இருக்குற சீரிஸ்ல இதுல மாட்டினா இருபத்தோரு பாயின்ட் (கம்மி பாயின்ட்தான் ஜெயிக்கும்), ஒரே ஒரு மோசமான ரேஸைத்தான் பொதுவா கழிக்க விடுவாங்க, ரெண்டாவது தடவை நடந்தா சீரிஸே முடிஞ்ச மாதிரி. ஹார்ன் சத்தத்தை வச்சு வாட்சை செட் பண்ணாதீங்க, காத்துல சத்தம் லேட்டா வரும், வராமலும் போகும், கணக்கு கொடிக்குத்தான்.

லகூனுக்குன்னே ஒரு ரூல் இருக்குன்னு சொன்னா அது பாய்மர ரேஸ் விதிகள்ல இருபதாம் நம்பர்தான். ரெண்டு பேரும் ஸ்டார்போர்ட்ல (வலப்பக்கத்துலேருந்து காத்து வாங்கி) காத்தை நெருக்கிப் பிடிச்சு ஓட்டிக்கிட்டு பாரை நோக்கிப் போறீங்க, நீங்க காத்துக்குக் கீழ்ப்பக்கம், இன்னொருத்தர் மேல்பக்கம் ஒட்டி வர்றாரு, நீங்க டாக் பண்ணா (மூக்கைக் காத்துக்குள்ள திருப்பி அடுத்த பக்கம் போனா) அவர் மேல மோதும், பண்ணலேன்னா பவளத்துல ஏறும். அந்த நேரத்துல கத்திக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, "ரூம் டு டாக்"னு. அவர் உடனே டாக் பண்ணணும், இல்ல "யூ டாக்"னு பதில் சொல்லிட்டு உங்களுக்கு வழி விடணும். நம்ம பசங்க கூச்சத்துல மெதுவா சொல்றாங்க, இல்ல ரொம்ப லேட்டா சொல்றாங்க, அவருக்குத் திரும்ப நேரமே இருக்காது. முன்னாடியே, சத்தமா, காத்துல கேக்குற மாதிரி கத்துங்க, இதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. அதே மாதிரி யாராவது உங்ககிட்ட கேட்டா, பாரு இன்னும் தூரத்துலதானே இருக்குன்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, முதல்ல வழி விடுங்க, அநியாயமாத் தெரிஞ்சா கரையில புரொட்டஸ்ட் (முறைப்படி புகார்) போடுங்க. அதுக்கும் நேரக்கெடு உண்டு, நோட்டீஸ் போர்டைப் பாக்காம நேரா பஃபேக்குப் போனவங்க அங்கேயே கேஸைத் தோத்துடுறாங்க.

உடம்பு விஷயம் சுருக்கமா. "டிராபிக்கல் தீவு"ன்னு வெறும் டிஷர்ட்டோட வராதீங்க, ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி 22, 23 டிகிரிதான், ஈர உடம்புல தென்கிழக்குக் காத்து பட்டா சென்னைக்காரங்களுக்குப் பல்லு தந்தியடிக்கும், ஸ்ப்ரே டாப் (தண்ணித் தெறிப்பும் காத்தும் தடுக்குற மேல்சட்டை) ஒண்ணு கட்டாயம் வேணும். காலுக்கு கெட்டியான அடி வச்ச ஷூ, ஏன்னா இங்க லாஃப்னு சொல்ற கல்மீன் மணல்ல கல்லோட கல்லா கிடக்கும், முதுகு முள்ளுல விஷம், குத்துனா வலி தாங்க முடியாது. குத்திட்டா ஐஸ் வைக்காதீங்க, பொறுக்குற அளவுக்குச் சூடான தண்ணியில காலை வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்புறம் அந்த ஆல் இன்க்ளூசிவ் கைப்பட்டை, முதல் நாள் ராத்திரி செகா டான்ஸும் ரம்மும்னு போயிட்டு மறுநாள் காலையில தண்ணிகூட குடிக்காம லைனுக்கு வர்றவங்க மூணாவது ரேஸ்ல தானா காணாமப் போயிடுவாங்க. கொண்டாட்டத்தைப் பரிசு கொடுக்குற ராத்திரிக்கு வச்சுக்கங்க.

ரேஸ் இல்லாத நாள்ல போட் எடுத்துக்கிட்டு சுத்தப் போறவங்க கண்ட இடத்துல நங்கூரம் போடாதீங்க. புளூ பே மரைன் பார்க் 2008லேருந்து ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல) இருக்குற இடம், அங்க பவளத்து மேல நங்கூரம் விழுந்தா அதுக்கு மன்னிப்பே கிடையாது. 2020ல அதுக்குப் பக்கத்துலயே, புவாந்த் தெஸ்னி பாருல, வகாஷியோ கப்பல் ஏறி எண்ணெய் கொட்டுனப்ப, கரும்புச் சோகையைத் துணியில திணிச்சு மிதவை தெச்சு லகூனைக் காப்பாத்த ஊர் ஜனம்தான் முதல்ல இறங்குச்சு, ஜாதி மதம் பாக்காம எல்லாரும் வந்து உக்காந்து தெச்சாங்க. எங்களுக்கு இந்தத் தண்ணி அவ்வளவு முக்கியம்.

கடைசியா ஒண்ணு. ரிசார்ட் ரெகாட்டாவுல பெரும்பாலும் போட் அவங்களே கொடுப்பாங்க, குலுக்கல்ல எது வருதோ அது, அடுத்த ரேஸுக்கு வேற டீம் அதே போட்ல ஏறும். எடுக்கும்போதே சுக்கான் பின், ட்ராப்பீஸ் வயர் (போட்டுக்கு வெளிய தொங்கிப் பேலன்ஸ் பண்ற கம்பி), ஷாக்கிள் (இணைப்பு வளையம்), ஹல் அடியில கீறல், டிரெயின் பிளக் எல்லாத்தையும் பாத்து போட்டோ எடுத்து போட் ஹவுஸ்ல காட்டிட்டு ஏறுங்க, டெபாசிட் பணத் தகராறு அங்கேயே முடிஞ்சுடும். ஓட்டும்போது ஏதாவது தெறிச்சாலோ வளைஞ்சாலோ, டெபாசிட்ல பிடிச்சுடுவாங்கன்னு மறைக்காதீங்க. அரைகுறையா அறுந்த ட்ராப்பீஸ் வயரை நம்பி அடுத்து தொங்கப் போறது இன்னொரு வீட்டுப் பிள்ளை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, என்ன ஆச்சுன்னு வாய்விட்டுச் சொல்லி, கயித்துல ஒரு சிவப்பு டேப்பையும் கட்டிட்டுப் போங்க.